டீசல் இன்ஜெக்டர் ரிட்டன் டெஸ்ட் கிட்: பிரஷர் எங்கே ஓடுகிறது என்று காட்டும் பெட்டி

பழைய காமன் ரெயில் டீசல் காரில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ‘ரெயில்’ என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து ஹை பிரஷரில் டீசல் போகும் வகை) பிரஷர் கோளாறு வந்தால் முதலில் பழி விழுவது ஹை பிரஷர் பம்ப் மேல்தான். ஸ்கேனரில் பி0087 என்ற பிழைக் குறியீடு வருகிறது, ரெயில் பிரஷர் குறைவு என்று அர்த்தம் சொல்கிறது, உடனே பம்பைக் கழற்றிவிடுகிறார்கள். புதுப் பம்ப் ஏறிய பிறகும் வண்டி பழையபடியே திணறுகிறது. பி0087 பிரஷர் குறைந்தது என்பதை மட்டும்தான் சொல்லும், ஏன் குறைந்தது என்று சொல்லாது. டீசல் பம்ப் வரைக்கும் வந்து சேரவில்லையா, வந்ததைப் பம்ப் அழுத்தவில்லையா, அழுத்தியது ரெயிலில் நிற்காமல், மீந்த டீசல் திரும்பும் ரிட்டன் பைப் வழியாக டேங்குக்கே ஓடிவிடுகிறதா? இந்த மூன்றில் எது என்று பிரித்துக் காட்டத்தான் ரிட்டன் டெஸ்ட் கிட். பல பெயர்களில், பல நிறப் பெட்டிகளில் விற்றாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சாமான்கள்தான் என்பதால் இந்த விமர்சனம் எந்த ஒரு கம்பெனிக்கும் உரியது அல்ல.

பெட்டியைத் திறந்தால் நான்கு அல்லது ஆறு அளவுக் குப்பிகள், அவற்றை பானட்டில் தொங்கவிட ஒரு கொக்கிச் சட்டம், உள்ளே ஓடுவது தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் டியூப்கள், பாஷ், டெல்ஃபி, டென்சோ, சீமென்ஸ் இன்ஜெக்டர்களின் ரிட்டன் வாயில் பொருந்தும் அடாப்டர்கள், ரிட்டன் லைனை அடைக்கச் சின்ன ரப்பர் மூடிகள் இருக்கும். சற்றே பெரிய கிட் என்றால் ரெயிலின் வாய்களை அடைக்கும் இரும்பு மூடிகளும், லோ பிரஷர் பக்கத்துக்கு (டேங்கிலிருந்து ஹை பிரஷர் பம்ப் வரை) ஒரு முள் கேஜும் சேர்ந்து வரும். அந்த இரும்பு மூடிகள் உள்ள கிட்டைத்தான் வாங்க வேண்டும். குப்பிகளையும் டியூப்களையும் எங்கே வேண்டுமானாலும் தேற்றிக்கொள்ளலாம். ஆயிரம் பாருக்கு மேல் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) தாங்கும் மூடியைக் கைவேலையாகச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. எம்12, எம்14 என்ற இரண்டு மரை அளவுகளும், இரண்டும் 1.5 மி.மீ. பிட்சில் (மரை இடைவெளி), கிட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான கார் ரெயில்கள் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

கிட்டைத் தொடும் முன் ஸ்கேனர். காரின் கோளாறுகளைப் படிக்க உள்ள ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் சாதாரண புளூடூத் கருவியே ரெயில் பிரஷரைக் காட்டும். ஆனால் பொதுவான ஆப்கள் அதைக் கிலோபாஸ்கலில் காட்டும், பலர் அங்கேதான் குழம்புகிறார்கள். 100 கிலோபாஸ்கல் ஒரு பார். திரையில் 30,000 என்று இருந்தால் 300 பார், ஐட்லிங்கில் ஓடும் வண்டிக்கு அது சரியான அளவு. செல்ஃப் அடிக்கும்போது ரெயிலில் ஏறத்தாழ 150 முதல் 250 பார் வரை ஏறினால்தான் இசியு (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) இன்ஜெக்டர்களைத் திறக்கவே அனுமதிக்கும். ஐட்லிங்கில் 250 முதல் 350 பார். முழு லோடில், 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 கார் கொண்டுவந்த முதல் தலைமுறை அமைப்புகளில் 1,350 பார், அடுத்த தலைமுறையில் 1,600 பார். உங்கள் வண்டிக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இசியு கேட்கும் பிரஷரையும் உண்மையில் இருக்கும் பிரஷரையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் ஸ்கேனர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டும் ஐட்லிங்கில் ஒட்டி ஓடி, மேடு ஏறும்போது மட்டும் உண்மை அளவு பின்தங்கினால், தேவைப்படும் அளவு டீசல் வந்து சேரவில்லை அல்லது எங்கோ கசிகிறது. ஐட்லிங்கிலேயே இரண்டும் அலை போல ஏறி இறங்கினால் பம்புக்குள் போகும் டீசலை அளந்துவிடும் மீட்டரிங் வால்வு ஒட்டிக்கொள்கிறது என்று சந்தேகப்படலாம்.

சென்சார் பொய் சொல்கிறதா என்பதையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சில மணி நேரம் நின்ற வண்டியில் சாவியை மட்டும் ஆன் செய்தால் ரெயில் பிரஷர் பூஜ்யமோ அதையொட்டியோ இருக்க வேண்டும். சென்சாருக்கு மூன்று ஒயர்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். பெரும்பாலான சென்சார்களில் பிரஷரே இல்லாதபோது சிக்னலில் 0.5 வோல்ட் இருக்கும், உச்ச அளவில் 4.5 வோல்ட் வரும். 1,500 பார் சென்சார் என்றால் 300 பாருக்கு 1.3 வோல்ட். 1,800 பார் சென்சார் என்றால் சுமார் 1.17 வோல்ட். நிற்கும் வண்டியிலேயே 50, 60 பார் என்று காட்டினால் அந்தச் சென்சார் இல்லாத பிரஷரை இருப்பதாக இசியுவிடம் சொல்கிறது. உண்மையில் ரெயிலில் அந்த அளவுக்குக் குறைவாகவே இருக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறும். இதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்பானர் கூடத் தேவையில்லை.

பேட்டரியையும் ஒதுக்கிவிடாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6 வோல்டுக்குக் கீழே விழுந்தால் என்ஜின் மெதுவாகச் சுற்றும், பம்பும் மெதுவாகச் சுற்றும், பிரஷர் ஏறாது. சோர்ந்த பேட்டரியோடு எடுத்த எந்த அளவையும் நம்ப வேண்டாம்.

இனி லோ பிரஷர் பக்கம். கிட்டோடு வரும் முள் கேஜ்தான் இந்தப் பெட்டியிலேயே பலவீனமான சாமான். முகப்பு சின்னது, கோடுகள் நெருக்கம், வாக்குவம் (உறிஞ்சும் அழுத்தம்) பக்கத்தில் 0.1 பாரையும் 0.2 பாரையும் பிரித்துப் பார்க்கவே கண் வலிக்கும். டேங்குக்குள் எலக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டிகளில் அதை வைத்துச் சமாளிக்கலாம், ஏனென்றால் அங்கே அளக்க வேண்டியது சில பார் அழுத்தம். டேங்கிலிருந்து ஹை பிரஷர் பம்பே உறிஞ்சி எடுக்கும் வண்டிகளில் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே வாக்குவம்தான் இருக்கும். ஐட்லிங்கில் 0.1, 0.2 பார் என்றால் சாதாரணம். 0.3 பாருக்கு மேல் போனால் ஃபில்டர் அடைப்பு, டேங்க் வலையில் அழுக்கு, நசுங்கிய பைப் என்று தேட வேண்டும். இதற்கு நல்ல வாக்குவம் கேஜ் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்வதே மேல்.

கேஜைவிட உதவுவது கிட்டில் வரும் உள்ளே தெரியும் குழாய்த் துண்டு. ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் பைப்பின் நடுவே அதைச் சேர்த்து, என்ஜினை ஓடவிட்டு உற்றுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆன சில நொடிகள் ஓரிரு குமிழ்கள் வந்து நின்றால் பரவாயில்லை. ஊசிமுனை அளவுக் குமிழ்கள் கோர்த்தாற்போல் நிற்காமல் வந்தால் எங்கோ ஏர் எடுக்கிறது. ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையம், குவிக் கனெக்டரின் ஓ-ரிங், டீசலைக் கையால் அழுத்தி ஏற்றும் கைப் பிரைமரில் விட்ட வெடிப்பு, இந்த மூன்றில்தான் பெரும்பாலும் கிடைக்கும். உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் வெளியே துடைத்த மாதிரி காய்ந்திருக்கும் ஜாயின்ட்டைக்கூட நம்ப முடியாது.

இங்கே அறிகுறியே வழி காட்டும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகு ஸ்டார்ட் ஆகி, பகலெல்லாம் சரியாக ஓடினால் ஏர் எடுப்பதையோ, குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கையோ பாருங்கள். காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகி, ஓடிச் சூடான பிறகு அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆக மறுத்தால் இன்ஜெக்டர் ரிட்டனைப் பாருங்கள். டீசல் சூடாக ஆக நீர்த்துப்போகும். இன்ஜெக்டரின் தேய்ந்த வால்வுக்கும் அது உட்காரும் இருக்கைக்கும் இடையே குளிரில் கசியாதது சூட்டில் தாராளமாகக் கசியும். ரிட்டன் டெஸ்டைக் குளிர்ந்த என்ஜினில் செய்துவிட்டு "இன்ஜெக்டர் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவுகட்டுவதுதான் இந்தக் கிட்டை வைத்து நடக்கும் பெரிய தவறு. கிட்டோடு வரும் ஒரு தாள் குறிப்புகள் பலவற்றில் இந்த ஒரு வரியே இருப்பதில்லை.

கை வைக்கும் முன் ஒன்று. ஓடும் என்ஜினில் ஹை பிரஷர் பைப்பின் நட்டை எக்காரணத்துக்கும் தளர்த்தக் கூடாது. பழைய பம்ப் வண்டிகளில் காற்றை வெளியேற்ற நட்டைத் தளர்த்திப் பழகியவர்கள் இதே பழக்கத்தை இங்கே கொண்டுவருவது உயிருக்கே ஆபத்து. பல நூறு பாரில் பீறிடும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளி மாதிரிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படிக் குத்தினால் வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் காத்திருங்கள், ஸ்கேனரில் பிரஷர் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு ஸ்பானரை எடுங்கள். கண்ணாடி அணியுங்கள். கழற்றும் ஒவ்வொரு வாயையும் முதலில் துடைத்து, கழற்றியதும் மூடுங்கள். ஒரு மணல் துகள் போதும் இன்ஜெக்டரைக் கெடுக்க.

ரிட்டன் டெஸ்டை முதலில் ஐட்லிங்கில் செய்யலாம். கூலன்ட் 70, 80 டிகிரிக்கு வரும்வரை ஓட்டி, அணைத்து, ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் செருகியிருக்கும் ரிட்டன் பைப்பை எடுங்கள். பாஷ் வகையில் சின்ன லாக் கிளிப் இருக்கும். அதை விடுவித்து நேராக மேலே இழுக்க வேண்டும், ஆட்டி இழுத்தால் பிளாஸ்டிக் மூக்கு உடைந்துவிடும். பத்துப் பதினைந்து வருடம் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் என்பதால் மாற்று ரிட்டன் பைப் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது. கழற்றிய ரிட்டன் லைனின் வாய்களைக் கிட்டில் உள்ள மூடியால் அடையுங்கள், இல்லாவிட்டால் பம்பிலிருந்து திரும்பும் டீசல் அந்த வாய்களில் வழிந்து பெல்ட் மேலும் ஆல்டர்னேட்டர் மேலும் கொட்டும். அடாப்டர்களைச் செருகி, எல்லா டியூப்களும் ஒரே நீளம் இருக்கும்படி வெட்டி, குப்பிகளைச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு டியூப்களில் உள்ள காற்று வெளியேறியதும் அணைத்து, குப்பிகளைக் காலி செய்து, மறுபடி சரியாக இரண்டு நிமிடம் ஐட்லிங்.

நான்கு குப்பிகளில் 18, 20, 19, 62 மி.லி. என்று நின்றால் குற்றவாளி நான்காவது. மிகக் குறைந்ததைவிட மூன்று மடங்கு தாண்டிய இன்ஜெக்டரைச் சந்தேகிப்பது பணிமனைகளில் கைக்கணக்காக இருக்கும் வழக்கம், இங்கே அது தெளிவாகவே தாண்டிவிட்டது. எண்கள் எப்போதும் இவ்வளவு நேர்மையாக வராது. 40, 43, 38, 41 என்று வந்தால் நான்கும் ஒன்று போல இருக்கிறது, ஆனால் நான்கும் நன்றாக இருக்கிறதா, நான்கும் ஒன்றாகத் தேய்ந்துவிட்டதா என்று இந்தக் குப்பிகளால் சொல்ல முடியாது. அதிக தூரம் ஓடிய வண்டியில் இரண்டாவதுதான் நடக்க வாய்ப்பு அதிகம். அப்போது மேனுவலில் உள்ள அளவோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரு குப்பி மட்டும் காலியாக நின்றாலும் அதை நல்ல இன்ஜெக்டர் என்று பாராட்டிவிடாதீர்கள். அது இயங்கவே இல்லாமல் இருக்கலாம், ரிட்டன் வாய் அடைத்திருக்கலாம்.

ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு ஐட்லிங் டெஸ்ட் ஏது? அங்கே செல்ஃப் அடித்துப் பார்க்கும் டெஸ்ட்தான். இன்ஜெக்டர்களின் எலக்ட்ரிக் சாக்கெட்டுகளைக் கழற்றிவிட்டு, டியூப்களை மாட்டி, ஐந்து நொடி வீதம் இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடியுங்கள். நடுவில் அரை நிமிடம் இடைவெளி விடுங்கள், செல்ஃப் மோட்டாரும் பிழைக்க வேண்டும். மின்சாரம் போகாத இன்ஜெக்டரின் வால்வு மூடியே இருப்பதால் நல்ல இன்ஜெக்டரிலிருந்து டியூபில் ஓரிரு சொட்டு வந்தாலே அதிகம். எந்த டியூபில் டீசல் சரசரவென்று ஏறுகிறதோ அதுவே பிரஷரைத் தின்கிறது. ஸ்டார்ட் ஆகிற வண்டியிலும் சூட்டில் இதைச் செய்து பாருங்கள். ஐட்லிங் டெஸ்டில் தப்பிக்கும் இன்ஜெக்டர் இதில் மாட்டிக்கொள்ளும். சாக்கெட் கழற்றியதால் பி0201 முதல் பி0204 வரை பிழைக் குறியீடுகள் பதிவாகும், அவற்றைப் பிறகு அழித்துக்கொள்ளலாம்.

இரும்பு மூடிகள் தங்கள் மதிப்பைக் காட்டுவது இதற்குப் பிறகுதான். குப்பியில் வருவது ரிட்டன் வழியாகக் கசிவது மட்டும். டீசலைத் தெளிக்கும் நாசில் முனை வழியாகச் சிலிண்டருக்குள்ளேயே கசிந்தால் எந்தக் குப்பியிலும் ஒரு சொட்டு வராது, பிரஷர் மட்டும் ஏறாது. அதைப் பிடிக்க, ரெயிலிலிருந்து ஒரு இன்ஜெக்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றி அந்த வாயை மூடியால் அடைத்துவிட்டுச் செல்ஃப் அடித்து, பிரஷர் எவ்வளவு ஏறுகிறது என்று ஸ்கேனரில் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அடைத்துப் பாருங்கள். 90 பாரில் தட்டுத்தடுமாறிய ரெயில், மூன்றாவதை அடைத்ததும் 250-க்குத் தாவினால் மூன்றாவது இன்ஜெக்டர்தான். நான்கையும் அடைத்தால் ரெயிலுக்கு வெளியேற வழியே இல்லை, பம்ப் நல்லதாக இருந்தால் இசியு கேட்கும் அளவை ஓரிரு நொடியில் எட்டி அங்கேயே நிற்கும். நான்கையும் அடைத்த பிறகும் ஏறவில்லை என்றால்தான் பம்ப், பிரஷர் கன்ட்ரோல் வால்வு, ரெயிலின் சேஃப்டி வால்வு என்ற வரிசைக்குப் போக வேண்டும்.

மலிவான கிட்டுகளில் இந்த மூடிகளின் கூம்பு முனை சொரசொரப்பாக இருக்கும். அது ரெயிலின் கூம்பு இருக்கையைக் கீறிவிட்டால் பிறகு நல்ல பைப்பைப் போட்டாலும் கசியும். வாங்கியதும் விரலால் தடவிப் பாருங்கள், நகம் சிக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூடியை முதலில் கையால் கடைசி வரை முறுக்கிவிட்டு, மேனுவலில் பைப் நட்டுக்குச் சொன்ன டார்க்கோடு (முறுக்கு விசை) நிறுத்துங்கள்.

பம்பைக் குற்றம் சொல்லும் முன் இன்னும் ஒரு கதவு இருக்கிறது. மிஞ்சிய பிரஷரை ரிட்டனுக்குத் திறந்துவிடும் பிரஷர் கன்ட்ரோல் வால்வு பம்பின் மேலோ ரெயிலின் முனையிலோ இருக்கும். அதன் ரிட்டன் பைப்பிலும் ஒரு டியூபை மாட்டிச் செல்ஃப் அடித்தால், இன்ஜெக்டர்களில் வராத டீசல் இங்கே குழாய்த் தண்ணீர் மாதிரி கொட்டுவதைப் பார்க்கலாம். வால்வின் ஓ-ரிங் நைந்தாலும், இருக்கையில் துகள் சிக்கினாலும் இதே கதைதான். அதற்குப் பம்ப் மாற்ற வேண்டாம், வால்வோ வளையமோ போதும். பாஷ் வகைக் கன்ட்ரோல் வால்வுக்கு மின்சாரம் போகாவிட்டால் ஸ்பிரிங் மட்டும் சுமார் 100 பாரைத்தான் பிடித்து வைக்கும், ஸ்டார்ட்டுக்கு அது போதாது. எனவே அதன் சாக்கெட்டில் பச்சை பூத்திருக்கிறதா, ஒயர் உள்ளே அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மீட்டரிங் வால்வைக் கழற்றினால் அதன் சின்ன வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்பு அழுக்கு என்றால் கழுவிவிடலாம். மினுங்கும் துகள்கள், காந்தத்தில் ஒட்டுபவை, என்றால் பம்ப் உள்ளே தன்னைத்தானே அரைத்துக்கொள்கிறது. பம்புக்கு உயவு கொடுப்பதே டீசல்தான் என்பதால் டேங்க் வற்றி ஓடிய வண்டிகளிலும் நெடுநாள் ஏர் எடுத்த வண்டிகளிலும் இது வருகிறது. இந்த நிலையில் பம்பை மட்டும் மாற்றினால் ரெயிலிலும் பைப்பிலும் தங்கிய துகள்கள் புது இன்ஜெக்டரையும் தின்றுவிடும். டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை முழு வரிசையையும் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டியிருக்கும், மனசு கஷ்டப்பட்டாலும் வேறு வழியில்லை.

இந்தக் கிட் எல்லா டீசலுக்கும் ஆகாது. பாஷ் பீசோ இன்ஜெக்டர்களுக்கு (மின்சாரம் பட்டால் விரியும் படிகத்தால் திறக்கும் வகை) ரிட்டன் பக்கத்தில் சுமார் 10 பார் எதிர் அழுத்தம் இருந்தால்தான் வேலை செய்யும். ரிட்டனைத் திறந்து குப்பியில் விட்டால் நல்ல இன்ஜெக்டரே இயங்க மறுக்கும், அதைப் பார்த்துவிட்டு நான்கையும் மாற்றச் சொல்லிவிடக் கூடாது. ரிட்டன் பாதை வால்வு கவருக்குள்ளேயே ஓடும் என்ஜின்களில் குப்பியை மாட்ட இடமே கிடையாது, மூடிகளை வைத்துத்தான் தேட வேண்டும். ரெயிலே இல்லாத பழைய டிஸ்ட்ரிபியூட்டர் பம்ப் வண்டிகளில் இந்தப் பெட்டிக்கு வேலையில்லை. அங்கே கைப்பம்ப் நாசில் டெஸ்டர்தான் கருவி.

அடாப்டர்களில் வரும் ஓ-ரிங்குகள் டீசலில் ஊறிச் சீக்கிரம் உப்பிவிடும், டீசல் தாங்கும் விட்டான் வளையங்களை அதே அளவில் வாங்கி மாற்றிவிடுங்கள். டியூப்களும் சில மாதங்களில் மஞ்சளாகி விறைத்துவிடும். 4 மி.மீ. உள் அளவுள்ள எரிபொருள் டியூப் ஒரு சுருள் இருந்தால் வெட்டி வெட்டிப் பயன்படுத்தலாம்.

டெஸ்ட் முடிந்து திரும்பப் பூட்டும்போது, கழற்றிய ஹை பிரஷர் பைப்பை மறுபடி போடக் கூடாது என்று மேனுவல் சொல்லும் வண்டிகளில் புதிதே போடுங்கள். இன்ஜெக்டரை வெளியே எடுத்திருந்தால் அடியில் உள்ள செம்பு வாஷர் கட்டாயம் புதிது. மாற்று இன்ஜெக்டர் என்றால் அதன் உடம்பில் பொறித்த திருத்தக் குறியீட்டை ஸ்கேனர் வழியாக இசியுவில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஐட்லிங்கில் தட்டும் சத்தமும் புகையும் தொடரும். உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றக் கைப் பிரைமரை அழுத்துங்கள். எலக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டி என்றால் சாவியை ஐந்தாறு தடவை ஆன், ஆஃப் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனதும் பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, ஒவ்வொரு பைப் நட்டின் அருகிலும் ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். விரலைக் காட்ட வேண்டாம். அட்டையில் ஈரம் பட்டால் அணைத்து, பிரஷர் இறங்கிய பிறகு அந்த நட்டை மறுபடி பாருங்கள்.